பெட்டியில் வந்த கொட்டாய்

மாசத்துக்கு நாலு பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டுடறாங்க. "அண்ணா, உங்க ஓசூர் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கோம். மரவீடு இப்போ கிட்டாவே வருதாம். லாரியில வந்து இறங்கினா ஒரு வாரத்துல மாட்டிடலாமாம். போடலாமா?"

இதுவரைக்கும் ஆளைப் பார்த்து ஆளுக்கு ஒரு பதில் சொல்லிட்டிருந்தேன். இனிமே எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன். ஏன்னா எங்க நிலத்துல அப்படி ஒண்ணு நிக்குது. போட்டது என் பையன். கூட நின்னு பலகை தூக்கினதும், நடுவுல ஒரு தப்பு பண்ணினதும் நான். ரெண்டு மழைக்காலம், ரெண்டு வெயில்காலம் பார்த்தாச்சு. அதனால இப்போ கருத்து சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வீடு நல்ல வீடுதான். ஆனா அது ஆள் குடியிருக்கிற வீடு. பூட்டிட்டுப் போற வீடு இல்ல. மாசத்துல பத்து நாளாவது வந்து தங்குவீங்கன்னா தாராளமா போடுங்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவீங்கன்னா வேண்டாம். அந்தக் காசை வேற எதுக்காவது வெச்சிக்குங்க.

இனி காரணங்கள்.

தோட்டத்துல சின்னதா ஒரு வீடுங்கறது எங்களுக்குப் புதுசு இல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பஸ்ல போனீங்கன்னா ஊர்ப் பேரைப் பாருங்க. பாதி ஊருக்குப் பின்னாடி 'கொட்டாய்'னு வரும். ஊருக்குள்ள இருந்த குடும்பம், கிணறு வெட்டினதும் காட்டுக்கே குடி வந்து ஒரு குடிசை போடும். அண்ணன் தம்பி பிரிஞ்சா பக்கத்துல இன்னொண்ணு. கொஞ்ச நாள்ல அதுவே ஒரு சின்ன ஊர். எங்க தாத்தா போட்ட கொட்டாய் நாலு கல்தூண், மண் சுவர், மேலே புல்லுக் கூரை. கல்லு நம்ம மாவட்டத்துல கிடைக்கிற கருங்கல். மண்ணு அந்த இடத்துலயே தோண்டினது. கூரை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மேயணும். மேயாம விட்டா அடுத்த மழைக்கு ஒழுகும், அதுக்கடுத்த மழைக்கு சுவரே கரையும். ஆள் இருந்தா நிக்கும், ஆள் போயிட்டா மண்ணோட மண்ணாப் போயிடும். வந்த மண்ணு திரும்ப அங்கேயே போச்சுன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல.

கிட்டுங்கற சமாச்சாரமும் புதுசு இல்ல. எங்க பக்கம் ரோஜா போடறவங்க பாலிஹவுஸ் பார்த்திருப்பீங்க. அதுவும் கிட்டுதான். ஜி.ஐ. பைப்பு, கிளாம்ப்பு, போல்ட்டு, ஷீட்டு எல்லாம் அளவு வெட்டி லாரியில வரும், ஆளுங்க வந்து மாட்டிட்டுப் போவாங்க. அமெரிக்காவுல சியர்ஸ்னு ஒரு கம்பெனி 1908-லிருந்து 1940 வரைக்கும் முழு வீட்டையே தபால் ஆர்டர்ல வித்திருக்கு. பலகை, ஆணி, கதவு, ஜன்னல்னு எல்லாம் ரயில் வண்டியில வந்து இறங்குமாம். இப்போ ஐரோப்பாவுல எஸ்டோனியான்னு ஒரு சின்ன நாடு இந்த மாதிரி மரவீடுகளைச் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பறதையே பெரிய தொழிலா வெச்சிருக்கு. ஆக, யோசனை பழசு. நம்ம மண்ணுக்கும் மழைக்கும்தான் அது புதுசு.

நம்ம பக்கம் இது ஏன் இவ்வளவு வந்துச்சுன்னா, காரணம் எல்லை. கர்நாடகாவுல ரொம்ப காலமா நிலச் சீர்திருத்தச் சட்டத்துல 79ஏ-ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. விவசாயம் இல்லாத வேற வருமானம் ஒரு அளவுக்கு மேல இருக்கிறவங்க அங்க விவசாய நிலம் வாங்க முடியாது. 2020-லதான் அதை எடுத்தாங்க. தமிழ்நாட்டுல அப்படி ஒரு தடை கிடையாது. அத்திப்பள்ளி தாண்டினா தமிழ்நாடு. அப்புறம் என்ன, பெங்களூர்ல சம்பாதிச்ச காசு பாகலூர், தளி, கெலமங்கலம்னு இறங்குச்சு. தளியை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்துன்னு சொன்னான்னு ஒரு பேச்சு உண்டு. அதையே போர்டுல எழுதி மனை வித்தாங்க. குளிர்ந்த ஊரு, மரவீடு, முன்னாடி ரெண்டு நாற்காலி. படம் பார்க்க நல்லாத்தான் இருக்கு.

எங்க கதை வேற. என் பையன் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா பகல்ல தூங்கணும். எங்க வீட்டுல அது நடக்காது. மாடு கத்தும், மிக்ஸி ஓடும், அம்மா கூப்பிடுவா, எதிர் வீட்டுல மைக் செட்டு. ஓசூர்லயே ரூம் எடுத்துத் தங்கிட்டான். ஞாயித்துக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து போவான். மூணு வருஷம் அப்படி ஓடுச்சு. ஒருநாள் போன்ல ஒரு படத்தைக் காட்டினான். "அப்பா, மாந்தோப்புல இதைப் போட்டா நான் இங்கேயே வந்துடறேன்." நான் விலையைக் கேட்டேன். சொன்னான். "அந்தக் காசுக்கு செங்கல்லுல ரெண்டு ரூம் கட்டலாமேடா"ன்னேன். "கட்டி முடிக்க ஒரு வருஷம் ஆகும். அப்புறம் மேஸ்திரி பின்னாடி நீங்கதான் அலைவீங்க"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

லாரி வந்துச்சு. பெரிய லாரி, எங்க வண்டிப்பாதையில திரும்பாது. ரோட்டு மேலேயே இறக்கி, டிராக்டர்ல நாலு நடை அடிச்சோம். இது எந்த விளம்பரத்துலயும் வராத முதல் செலவு. 12 அடிக்கு 18 அடி அறை, முன்னாடி 5 அடி திண்ணை. பைன் மரப் பலகை, கனம் 44 மில்லிமீட்டர், நம்ம கணக்குல ஒண்ணே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஒவ்வொரு பலகைக்கும் மேல நாக்கு, கீழ காடி. மூலையில ரெண்டு பலகையும் ஒண்ணை ஒண்ணு கடிச்சிக்கிற மாதிரி வெட்டு. எல்லாத்துலயும் நம்பர் ஒட்டியிருக்கு.

எங்க ஊர் ஆசாரி ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தோம். அறுபது வயசு தாண்டினவர். தெலுங்குல ஆரம்பிச்சு கன்னடத்துல போய் தமிழ்ல முடிப்பார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல ஆணி எங்க சாமி?"ன்னார். சுவருக்கு ஆணியே கிடையாதுன்னு பையன் சொன்னதும் சிரிச்சார். சாயங்காலம் போறப்போ மட்டும், "மெஷின்ல காடி எடுத்திருக்கான், மயிர் இழை தப்பு இல்ல"ன்னு மெதுவா சொன்னார்.

தளம் விஷயத்துல எங்களுக்குள்ள சண்டை. கூட வந்த பேப்பர்ல சமமான காங்கிரீட் தளம் போடச் சொல்லியிருக்கு. தரையோட தரையா போட்டுடலாம்னு மேஸ்திரி சொன்னார், பையனும் சரின்னான். நான் ஒத்துக்கல. செம்மண்ணுல செல்லு எப்படி ஏறும்னு எனக்குத் தெரியும். காய்ஞ்ச மாங்கட்டையை ஒரு மழைக்காலம் தரையில போட்டு வெச்சா அடுத்த வருஷம் உள்ள மண்ணுதான் இருக்கும். வேலிக்குப் போடற கருங்கல் தூணை வெட்டி, பதினெட்டு குட்டைக் கல்லா நட்டோம். தரையிலிருந்து ரெண்டடி உசரம். ஒவ்வொரு கல்லு தலையிலயும் தகரத்தைத் தொப்பி மாதிரி மடிச்சு வெச்சு, அதுக்கு மேல அடிச்சட்டம். செல்லு மண்புத்து கட்டிக்கிட்டேதான் ஏறும். தகரத்தைச் சுத்தி வரணும்னா கண்ணுக்குத் தெரிஞ்சாகணும். வாரம் ஒரு தடவை குனிஞ்சு பார்த்தாப் போதும். குழியில செல்லு மருந்தும் ஊத்தினோம். இதுக்கு ஐ.எஸ். 6313-ன்னு இந்தியத் தர விதியே இருக்கு. கட்டறதுக்கு முன்னாடியே செய்யற வேலை, அப்புறம் செஞ்சா பாதிதான் பலன். கல்லுல அமைச்சது என் யோசனை. இன்னிவரைக்கும் சரியா நிக்குது. இதைப் பெருமையா சொல்லிக்கிறேன், ஏன்னா அடுத்து சொல்லப்போறது பெருமை இல்ல.

பதினெட்டு கல்லையும் டியூப் மட்டம் வெச்சுப் பார்த்தோம். ஒரு மூலையில கால் அங்குலம் தூக்கல். "பரவால்ல விடு"ன்னு விட்டோம். ஏழாவது பலகை ஏறினப்போ கதவு நிலை உக்காரல. மூலைக்கு மூலை குறுக்கு அளவு எடுத்தா முக்கால் அங்குலம் வித்தியாசம். எல்லாத்தையும் பிரிச்சு, கல்லைச் சரி பண்ணி, மறுபடி ஏத்தினோம். ஒரு நாள் போச்சு. கல்லு வீட்டுல கால் அங்குலத்தை சிமெண்டு பூசி மறைச்சிடலாம், இதுல முடியாது.

சுவர் ரெண்டு நாள், கூரை மூணு நாள். ஆறாம் நாள் பூட்டு மாட்டியாச்சு. இந்த ஒரு வாரக் கணக்கு பொய் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி தளத்துக்கு மூணு வாரம், பின்னாடி எண்ணெய் அடிக்க, தண்ணி, கரண்டு, கக்கூஸ், செப்டிக் டேங்க்னு ஒன்றரை மாசம். கிட்டுக்குக் கொடுத்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மேல எங்களுக்கு இன்னொரு 60 ரூபாய் ஆச்சு. பெட்டியில கக்கூஸ் வராதுங்கறது நிறைய பேருக்குத் தோணறதே இல்ல.

இப்போ என் தப்பு. கதவு நிலைக்கும் ஜன்னல் நிலைக்கும் மேல ஒரு அங்குலம் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாங்க. மேல ஒரு பட்டி மறைச்சிக்கும், உள்ள காலி. பல்லி, குளவி புகுந்துடுமேன்னு நான்தான் ஆசாரிகிட்ட சொல்லி கட்டையை வெச்சு அடைக்க வெச்சேன். பையன் அன்னிக்கு ஷிப்ட்ல இருந்தான். போதாததுக்கு உள்சுவர்ல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு சட்டத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, சாமான் தட்டும் மாட்டினோம்.

மாசியில வெயில் காய்ஞ்சதும் தெரிஞ்சது. மரம் ஈரத்துல ஊதும், காய்ச்சல்ல சுருங்கும். நீளத்துல மாற்றம் தெரியாது, அகலத்துலதான் சுருங்கும். ஒரு பலகை ஒரு நூல் சுருங்கினாலும், பதினேழு பலகை ஒண்ணு மேல ஒண்ணு இருக்கிறப்போ சுவரே ரெண்டு அங்குலம் கீழ இறங்கணும். இறங்கறதுக்குத்தான் அந்த இடைவெளி. நாங்க அடைச்சதால மேல் பலகைங்க கதவு நிலை மேலேயே தொங்கிடுச்சு, கீழ் பலகைங்க இறங்கிடுச்சு. நடுவுல விரல் நுழையற பிளவு. படுத்துக்கிட்டே மாமரம் தெரியுது. ஆசாரி வந்து கட்டையை உருவினதும் டொக்குனு ஒரு சத்தம், சுவர் இறங்கி உக்காந்துச்சு. சட்டத்தையும் கழட்டி, ஸ்க்ரூ ஓட்டையை நீளமா ஆக்கி மாட்டினார். மரம் வெட்டினப்புறமும் மூச்சு விடும்னு எங்க தாத்தா சொல்வார். அது ஏதோ பேச்சுக்குச் சொல்றதுன்னு நினைச்சிருந்தேன்.

மழைக்காலம் வேற பாடம். குளிர் நாட்டுக்குச் செஞ்ச அளவுல கூரை இறவாணம் அரை அடிதான் நீளும். எங்க ஊருக்கு ஆடியிலயும் மழை உண்டு, ஐப்பசியிலயும் உண்டு. ஐப்பசி மழை நேரா விழாது, காத்தோட சாய்ஞ்சு அடிக்கும். முதல் வருஷமே கீழ் நாலு பலகை கறுத்துப் போச்சு. பழைய பாலிஹவுஸ் பைப்பு கிடந்துச்சு. அதை நட்டு மேல தகரம் போட்டு இறவாணத்தை ரெண்டரை அடிக்கு இழுத்தோம். அழகு போயிடுச்சுன்னு பையனுக்கு வருத்தம். கொட்டாய் பிழைச்சிடுச்சு. எங்க தாத்தா கூரை இடுப்பு உசரத்துக்கு இறங்கி நிக்கும், குனிஞ்சுதான் உள்ள போகணும். ஏன்னு இப்போ புரியுது.

நல்லதையும் சொல்லணும். மார்கழியில எங்க ஊரு கல்லு வீட்டுல தரை கால் வைக்க முடியாது. அந்த மரவீட்டுல கம்பளி இல்லாம தூங்கலாம். உள்ள நுழைஞ்சா ஒரு வாசனை இருக்கு. மழை சத்தம் நல்லா கேக்கும். சித்திரையில மட்டும் மத்தியானம் கூரை சூடு இறங்கும், மாமர நிழல் இல்லைன்னா இருக்க முடியாது.

எல்லாத்தையும் விட, பையன் வந்துட்டான். காலையில ஏழு மணிக்கு ஷிப்ட் முடிச்சு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போய் தூங்கறான். சாயங்காலம் எழுந்து என்கூட காட்டுல நிக்கறான். நான் அந்தக் கொட்டாயை எதிர்த்துப் பேசினதை எல்லாம் அதனால மனசுக்குள்ளயே திரும்ப வாங்கிக்கிட்டேன்.

சட்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. "மரவீடு தானே, நாளைக்கே கழட்டிடலாம், அனுமதி எதுக்கு"ன்னு விக்கிறவங்க சொல்வாங்க. நம்ம சட்டத்துல குடிசையும் கட்டடம்தான். மண்ணுல கட்டினாலும் மரத்துல கட்டினாலும் கட்டடம்தான். 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளும் சக்கரம் வெச்சா ஒரு மாதிரி, பலகை வெச்சா ஒரு மாதிரின்னு விட்டுடாது. ஊராட்சியில கேட்டுட்டு ஆரம்பிங்க. அதை விட முக்கியம் நிலம். பத்து சென்ட், இருபது சென்ட்டுன்னு துண்டு போட்டு 'பண்ணை நிலம்'னு விக்கிறாங்களே, அதுக்கு லேஅவுட் அனுமதி இருக்கான்னு பாருங்க. 2016-ல உயர் நீதிமன்றம் அனுமதி இல்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இருக்கும். வரன்முறைப்படுத்தற விதி 2017-ல வந்துச்சு, ஆனா அது 20-10-2016-க்கு முன்னாடி இருந்த மனைகளுக்குத்தான். அப்புறம் கரண்டு. விவசாய மோட்டாருக்குக் கொடுத்த இலவச மின்சாரத்துல மரவீட்டுக்கு ஏ.சி. ஓட்டக்கூடாது. வீட்டு இணைப்பு தனியா வாங்கணும்.

இனி, ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன ஆகும்னு சொல்றேன்.

எங்க நிலத்துக்கு நாலு காடு தள்ளி ஒரு மரவீடு இருக்கு. எங்களுக்கு முன்னாடியே போட்டது, எங்களதை விடப் பெரிசு. சொந்தக்காரர் நல்ல மனுஷர், பேரு வேண்டாம். முதல் வருஷம் வாரா வாரம் குடும்பத்தோட வந்தார். பசங்க எங்க தோட்டத்துல வந்து மாங்கா பறிக்கும். ரெண்டாம் வருஷம் மாசம் ஒரு தடவை. இப்போ எப்ப வந்தார்னு எனக்கே ஞாபகம் இல்ல. மிச்சமான செங்கல்லை யாரோ சுவர் ஓரமா அடுக்கி வெச்சிட்டுப் போயிட்டாங்க. செல்லுக்கு அது படிக்கட்டு. வெளியில இருந்து பார்த்தா வீடு புதுசு மாதிரி இருக்கு. போன தையில அவர் சொன்னார்னு நான் கதவைத் திறந்து உள்ள கால் வெச்சேன், தரைப்பலகை பிஸ்கட் மாதிரி உடைஞ்சு கால் கீழ போச்சு.

அதுக்கு முந்தின கார்த்திகையில யானை வேற. பன்னேருகட்டா காட்டுலேர்ந்து ஐப்பசி வாக்குல கூட்டம் ஜவளகிரி, தளி வழியா இறங்கும். தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவுன்னு காடு மாறி காடு மாறிப் போகும். 2014-லயே காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்ச பகுதி எங்களுக்கு ரொம்ப தூரம் இல்ல. அதுங்களுக்கு இது பழைய பாதை, நாமதான் நடுவுல ராகி போட்டிருக்கோம். அந்த வீட்டுத் திண்ணையில யாரோ ஒரு வாழைத்தாரைத் தொங்க விட்டுட்டுப் போயிருக்காங்க. திண்ணைத் தூண் ரெண்டும் போச்சு. ஆள் இருந்திருந்தா லைட் போட்டிருப்பாங்க, சத்தம் கொடுத்திருப்பாங்க, முதல்ல வாழைத்தாரே அங்க இருந்திருக்காது. ராகிக் காவலுக்குப் பரண்ல உக்காந்திருக்கிற எங்களுக்கு அந்த இருட்டு வீடு ஒரு ஓட்டை. முன்னாடி அந்த நிலத்துல ஒரு குடும்பம் இருந்துச்சு, அந்தப் பக்கத்தை அவங்க பார்த்துக்குவாங்க. இப்போ அந்தப் பக்கம் குரல் கொடுக்க ஆள் இல்ல.

நகரத்துல இருக்கிறவங்க இதைப் புரிஞ்சிக்கணும்னுதான் எழுதறேன். நீங்க வாங்கறது வெறும் இடம்னு நினைக்கிறீங்க. அந்த இடத்துல இருந்தவன் பக்கத்துக் காட்டுக்காரனுக்குக் காவல், மடை திறந்து விடற ஆள், பாம்பு கடிச்சா வண்டி எடுக்கிற ஆள். அவன் போன இடத்துல ஒரு பூட்டு வந்தா, நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்ல.

இதை எல்லாம் எழுத இன்னொரு காரணம் இருக்கு. போன மாசம் பையன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். ராகி போடற ஒரு ஏக்கர்ல இதே மாதிரி மூணு கிட்டு வாங்கிப் போட்டு, சனி ஞாயிறுக்கு பெங்களூர்க்காரங்களுக்கு வாடகைக்கு விடலாம்ங்கறான். "அப்பா, ராயக்கோட்டை மண்டியில தக்காளிக்கு என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியாதா? 2023-ல கிலோ 100 ரூபாய் தாண்டுச்சு, அப்போ நம்மகிட்ட காய் இல்ல. காய் இருக்கிறப்போ ரோட்டுல கொட்டினோம். இது மாசா மாசம் வரும்." அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. பேப்பர்ல எழுதினா ராகி தோக்கும். எத்தனை தடவை கூட்டினாலும் தோக்கும்.

ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அப்புறம் சொன்னேன். "அந்த ஒரு ஏக்கர் ராகி நமக்கு விலைக்கு இல்லடா. களிக்கு நம்ம வீட்டுல ராகி வாங்கறது இல்ல. அந்தத் தாளு இல்லைன்னா கோடையில நாலு மாட்டுக்கு வைக்கோல் வாங்கணும். மாடு போனா எரு போச்சு, எரு போனா மாந்தோப்பு போச்சு. அப்புறம், மூணு வீட்டுக்கும் யாரு தினம் குனிஞ்சு செல்லு பார்க்கறது? நீ ஷிப்ட்ல இருப்ப. எனக்கு வயசு அறுபத்து ரெண்டு. நம்ம நிலத்துல நாமளே மூணு பூட்டு வீட்டை வெச்ச மாதிரி ஆயிடும்."

அவன் உடனே ஒத்துக்கல. "அப்போ நான் காலம் பூரா நைட் ஷிப்ட்டா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கு ராகி பதில் இல்லைன்னு எனக்கும் தெரியும்.

கடைசியில ஒரு இடத்துக்கு வந்திருக்கோம். மூணு இல்ல, ஒண்ணு. ராகிக் காட்டுல இல்ல, கிணத்துக்கு மேல பாறையா கிடக்கிற இடத்துல. அதுவும் கிட்டு இல்ல. பாறை எங்ககிட்டயே இருக்கு, கீழ் ரெண்டடி கல்லு. வரப்புல பத்து வருஷத்துக்கு முன்னாடி நட்ட சில்வர் ஓக் இருக்கு, மலைவேம்பும் இருக்கு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பக்கம் மலைவேம்பை விவசாயிங்க போடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. நாங்க பிளைவுட்டுக்கு விக்கலாம்னுதான் நட்டோம். அதை அறுத்து, நிழல்ல அடுக்கி காய வெச்சு, போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல ஊற வெச்சா செல்லும் வண்டும் சீக்கிரம் தொடாது. மழையில நனைஞ்சா அந்த மருந்து கரைஞ்சு போயிடும், அதனால இறவாணம் முதல்லயே மூணடி. ஆசாரி அந்தக் கிட்டுல இருந்து நாக்கு, காடி, மூலை வெட்டு எல்லாத்தையும் அளவு எடுத்து வெச்சிருக்கார். "மெஷின் மாதிரி வராது, ஆனா இறங்கற இடைவெளியை இந்தத் தடவை அடைக்க மாட்டேன்"ங்கறார். அதைச் சொல்றப்போ என்னைப் பார்த்துத்தான் சொல்றார்.

மெதுவாத்தான் ஆகும். மரம் காயவே பல மாசம் வேணும். வாடகை எவ்வளவு வரும், பையன் வேலையை விடுவானா, எதுவும் இன்னும் முடிவாகல.

ஆக, கேட்ட எல்லாருக்கும் என் பதில். வந்து தங்கறவங்களா இருந்தா போடுங்க. போட்டா தரையிலிருந்து ரெண்டடி தூக்குங்க, இறவாணத்தை நீட்டுங்க, கதவுக்கு மேல விட்ட இடைவெளியை அடைக்காதீங்க, செங்கல்லை சுவர் ஓரம் அடுக்காதீங்க. வண்டிப்பாதையில வேலி போடாதீங்க. பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட ஒரு சாவி கொடுத்து வைங்க, அவர் போன் நம்பரையும் வாங்கிக்குங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வர முடியும்னா, அந்த ரெண்டு தடவையும் எங்கள மாதிரி யாராவது ஒரு விவசாயி வீட்டுல வந்து தங்குங்க. களியும் கீரைக் குழம்பும் கிடைக்கும்.

ஐப்பசி பொறக்கப் போகுது. ராகி கதிர் வாங்கிடுச்சு. பரணுக்குப் புது ஏணி கட்டணும், பையன் இன்னிக்கு லீவு போட்டிருக்கான்.